இவையளுக்கு ஆர் சமைக்கிறது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில் பெரியம்மா சுளகில் இறாலைப் பரப்பிவைத்து உரித்துக்கொண்டிருந்தார். உள்ளே மருமகன் என் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கிளறி ஒரு படத்தைப் போட்டுவிட்டான். சத்தம் கேட்டு நானும் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பெரியம்மா சுளகோடு கதவடிக்கு நகர்ந்து வந்துவிட்டார்.

"உதென்னடா, கரப்பொத்தான் மாதிரி?"

"வேற கிரகத்து ஆக்கள் பெரியம்மா. அந்த ஊர்ச் சனம் இவையை இறால் எண்டுதான் பேசுறது."

"இறாலெண்டோ? ஏசுறதுக்கோ?" மடியில் இருந்த சுளகை ஒருதரம் பார்த்தார். "இறால் விக்கிற விலை தெரியாத சனம் போல."

படம் 'டிஸ்ட்ரிக்ட் 9'. 2009 ஆகஸ்டில் வந்தது. இயக்கியவர் ஜொகன்னஸ்பேர்க்கில் பிறந்த நீல் புளொம்காம்ப், தயாரிப்பாளர்களில் ஒருவர் பீற்றர் ஜாக்சன். ஏறத்தாழ 3 கோடி டொலரில் எடுத்து 21 கோடி டொலர் வரை வசூலித்த படம். ஒஸ்கார் விருதுக்குச் சிறந்த படம் உட்பட 4 பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டது. விண்கலம் வரும் படங்களுக்கு இப்படி மரியாதை கிடைப்பது அபூர்வம்.

கதையைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1982 இல் ஒரு பிரமாண்டமான விண்கலம் நியூயோர்க்கையோ லண்டனையோ விட்டுவிட்டு ஜொகன்னஸ்பேர்க் நகரத்துக்கு மேலே வந்து நின்றுவிடுகிறது. மூன்று மாதம் ஒரு அசைவும் இல்லை. பிறகு மனிதர்களே வெட்டித் திறந்து உள்ளே போகிறார்கள். அங்கே படையெடுக்க வந்த வீரர்கள் யாரும் இல்லை. பட்டினியில் சுருண்டு கிடக்கும் கூட்டம்தான். கீழே இறக்கி ஒரு முகாம் போட்டுக் கொடுக்கிறார்கள். இருபது வருடம் கடக்க, முகாம் தகரக் கொட்டில்களும் குப்பை மேடுகளுமான சேரியாகிவிடுகிறது. நகரத்துச் சனம் 'இவர்களை எங்காவது கொண்டுபோய் விடுங்கள்' என்கிறது. 18 லட்சம் பேரை ஊருக்கு வெளியே, தொலைவில், கூடார வரிசைக்கு மாற்றும் வேலையை ஒரு பெரிய கம்பனி எடுக்கிறது. அந்த வேலைக்குப் பொறுப்பாக ஒரு சாதாரண அலுவலக மனிதனை நியமிக்கிறார்கள். பெயர் விக்கஸ் வான் டி மெர்வ. தென்னாபிரிக்காவில் 'வான் டெர் மெர்வ' என்றாலே நகைச்சுவைத் துணுக்குகளில் வரும் அசட்டு மனிதனின் பெயர். அந்த ஊர்க்காரர் பெயரைக் கேட்டவுடனேயே சிரித்திருப்பார்கள்.

'இறால்' என்ற வசைக்கும் அந்த மண்ணிலேயே வேர் இருக்கிறது. ஜொகன்னஸ்பேர்க் வீட்டுத் தோட்டங்களில் 'பார்க்டவுன் பிரோன்' என்று ஒரு பெரிய வெட்டுக்கிளி வகைப் பூச்சி உண்டு. வீட்டுக்குள் வந்தால் சனம் கதிரைக்கு மேல் ஏறி நிற்குமாம். கொட்டியார் குடாவில் இறால் பிடித்துச் சாப்பிடும் எங்களுக்கு அந்த அருவருப்பு விளங்காது. பெரியம்மாவுக்குக் கோபம் வந்ததும் அதனால்தான்.

படத்தின் தலைப்பும் சும்மா வைத்த எண் அல்ல. கேப் டவுனில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்று ஒரு பழைய குடியிருப்பு. 1966 இல் அதை வெள்ளையருக்கு மட்டும் உரிய பகுதி என்று அரசு அறிவித்தது. அடுத்து வந்த வருடங்களில் 60,000 பேருக்கு மேல் அங்கிருந்து கிளப்பி, நகரத்துக்கு வெளியே மணல் தரையில் குடியேற்றினார்கள். ஆறைத் தலைகீழாகப் பிடித்தால் ஒன்பது.

இந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது 2010 தொடக்கத்தில், ஒரு கொப்பி டீவீடியில். படம் முடியும்போது எனக்குள் இருந்தது ரசனை இல்லை, ஒருவிதமான வெட்கம். காரணத்தைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றி நேர்மையாக எழுத முடியாது.

2008 இல் எனக்கு இருபத்துச் சொச்சம் வயது. உயர்தரம் முடித்துவிட்டு, ஒரு நிறுவனத்துக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் தற்காலிக வேலையில் இருந்தேன். கிளிவெட்டி இடைத்தங்கல் முகாம். சம்பூர்ப் பக்கச் சனம் 2006 ஏப்ரலில் ஷெல் அடி தொடங்கியபோது ஓடி, ஈச்சிலம்பற்று, வாகரை, மட்டக்களப்பு என்று சுற்றி, அங்கே வந்து சேர்ந்திருந்தது. அவர்களுடைய ஊரை 2007 இல் உயர் பாதுகாப்பு வலயம் என்று வர்த்தமானியில் போட்டுவிட்டார்கள். கிண்ணியாப் பாலம் அப்போது இல்லை, அது 2009 இல்தான் திறந்தது. 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறி இறங்கித்தான் போகவேண்டும். கையில் ஒரு கிளிப் போர்ட், பையில் மை காய்ந்த ஸ்டாம்ப் பாட், ஒரு போத்தல் தண்ணீர். தண்ணீரில் பாதி குடிக்க, மீதி ஸ்டாம்ப் பாட்டுக்கு.

படிவம் எட்டுப் பக்கம். ஏழு பக்கம் தமிழில். எட்டாவது பக்கம் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். அதன் அடியில்தான் கையொப்பம் அல்லது பெருவிரல் அடையாளம். மாலைக்குள் இருபத்தைந்து முடிக்கவேண்டும்.

ஒரு ஆச்சி. கொட்டிலுக்குள் கூப்பிட்டு, கவிழ்த்த வாளி ஒன்றைக் கதிரையாகப் போட்டார். ஏழு பக்கத்துக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். எட்டாவது பக்கத்தை நான் திருப்பியதும், தாளை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"இதில என்ன கிடக்கு மகன்?"

"ஒண்டுமில்லை ஆச்சி, வழமையா வைக்கிறதுதான்."

"நீ வாசிச்சனியோ?"

"ஓம்."

நான் வாசித்திருக்கவில்லை. அவர் என் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டுப் பெருவிரலை நீட்டினார். வைத்து முடிந்ததும் விரலைத் தறப்பாள் சுவரில் துடைத்தார். அந்த இடத்தில் ஏற்கெனவே ஐந்தாறு நீலக் கோடுகள் இருந்தன. எனக்கு முன்னால் வந்துபோன படிவங்கள்.

சரி, இனிப் படத்துக்கு வருகிறேன். விக்கஸ் ஒரு கிளிப் போர்ட்டோடு சேரிக்குள் போகிறான். பின்னால் துப்பாக்கிக்காரர்கள். சட்டப்படி 24 மணித்தியால முன்னறிவித்தல் கொடுக்கவேண்டும், குடியிருப்பவர் கையொப்பம் வைக்கவேண்டும். அதனால் ஒவ்வொரு கொட்டிலாகத் தட்டி, கமெராவைப் பார்த்துப் பல்லிளித்தபடி, 'இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கள்' என்கிறான். ஒரு இறால் எரிச்சலில் அவன் கையிலிருந்த மட்டையைத் தட்டிவிடுகிறது. தாளில் ஒரு கீறல் விழுகிறது. அவன் அதைப் பார்த்துத் திருப்தியோடு, 'இது போதும், கையொப்பமாக எடுத்துக்கொள்ளலாம்' என்கிறான்.

தியேட்டரில் இந்த இடத்தில் சிரிப்பு வந்திருக்கும். எனக்குக் காது சூடானது.

சமூகப் பிரச்சினை பேசும் அறிவியல் புனைகதைப் படங்கள் பெரும்பாலும் கொடுமையை உயரத்தில் வைத்துக் காட்டும். ஒரு சர்வாதிகாரி, ஒரு கண்ணாடி மாளிகை, ஒரு கறுப்புக் கோட். இந்தப் படம் கொடுமையை ஒரு சின்ன உத்தியோகத்தன் கையில் கொடுக்கிறது. அவன் கெட்டவன்கூட இல்லை. மனைவியின் படத்தை மேசையில் வைத்திருப்பவன், மாமனார் கொடுத்த பதவி உயர்வில் பூரித்துப்போனவன். முட்டைகள் நிறைந்த ஒரு கொட்டிலைக் கண்டுபிடித்து எரிக்கச் சொல்லிவிட்டு, உள்ளே முட்டைகள் வெடிக்கும் சத்தம் சோளப்பொரி பொரிவது போல இருக்கிறது என்று கமெராவுக்கு விளக்கம் சொல்கிறான். அந்தக் குரலில் வெறுப்பு துளியும் இல்லை. வேலையில் ஆர்வமுள்ள ஒருவன் புதிதாக வந்தவனுக்கு வேலை பழக்கும் குரல். அந்தக் காட்சியை நான் இதுவரை மூன்று முறை பார்த்துவிட்டேன், மூன்று முறையும் ரிமோட்டைத் தேடியிருக்கிறேன்.

விக்கஸாக நடித்த ஷார்ல்ட்டோ கொப்லிக்கு இதுதான் முதல் முழுநீளக் கதாநாயக வேடம். வசனத்தில் பெரும்பகுதியை அவரே அந்தந்த இடத்தில் பேசியது. அதனால்தான் அந்த அலுவலகப் பேச்சு அவ்வளவு இயல்பாக இருக்கிறது என்று நினைக்கிறேன். எழுதிவைத்துப் பேசினால் அசட்டுத்தனம் இவ்வளவு சரளமாக வராது.

படத்தின் இன்னொரு பலம் முதல் அரை மணி நேரத்தில் வரும் 'செவ்வி'கள். தெருவில் போகும் ஆட்கள் கமெராவைப் பார்த்து, 'இவர்களால் களவு கூடிவிட்டது', 'இவர்கள் போனால்தான் எங்களுக்கு நிம்மதி' என்று பேசுகிறார்கள். நடிப்பு மாதிரியே இருக்காது. இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. இந்தப் படத்துக்கு முன் புளொம்காம்ப் இதே கருவில் ஒரு குறும்படம் எடுத்தார். அதற்காக ஜொகன்னஸ்பேர்க் வாசிகளிடம் சிம்பாப்வேயிலிருந்து வந்து குடியேறியவர்களைப் பற்றி உண்மையாகவே கேட்டு, கிடைத்த பதில்களை வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றிச் சொன்னது போலப் பொருத்திவிட்டார். ஒரு சொல்லையும் மாற்றவேண்டி வரவில்லை. முழுநீளப் படம் அந்தக் குறும்படத்தின் தொனியிலிருந்துதான் பிறந்தது. அதைவிடக் கொடுமை, படப்பிடிப்பு நடந்த 2008 இல், மே மாதம் ஜொகன்னஸ்பேர்க்கின் அலெக்சாண்ட்ராவில் தொடங்கிய கலவரத்தில் அயல்நாட்டுக் குடியேறிகளை உயிரோடு எரித்தார்கள். 60 பேருக்கு மேல் செத்தார்கள். கொன்றவர்களும் நிறவெறி ஆட்சியில் மிதிபட்ட ஏழைகள்தான்.

இதை வாசிக்கும்போது தென்னாபிரிக்காவைப் பார்த்துத் தலையசைப்பது லேசு. எங்கள் ஊரைப் பற்றிச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் திருமலை நகரத்தில் பிளேன்ரீ குடிக்கும் இடங்களில் 'முகாம் ஆக்கள்' என்று ஒரு சொல் புழங்கியது. 'முகாம் ஆக்கள் வந்தாப்பிறகு கூலி விழுந்து போச்சு.' 'நிவாரணம் எடுத்தெடுத்துப் பழகிட்டினம், இனி வேலை செய்யாயினம்.' 'சைக்கிளைப் பூட்டிப்போட்டு வா, முகாம் பக்கத்தால வந்த பொடியள் நிக்கிறாங்கள்.' சொன்னவர்கள் வேறு இனம் இல்லை, வேறு மொழி இல்லை. நாங்கள்தான். 2004 சுனாமியில் தாங்களே இரண்டு மாதம் பாடசாலைக் கட்டடத்தில் படுத்தெழும்பியவர்களும் அதில் இருந்தார்கள். அந்தப் பேச்சை நான் கேட்டுக்கொண்டிருந்தேன், பல நேரம் தலையாட்டியும் இருக்கிறேன். விண்கலமும் உணர்கொம்பும் வைத்து எடுத்த படத்தில் அந்தப் பிளேன்ரீக் கடைப் பேச்சு அப்படியே ஒலித்தபோது, இயக்குநர் எங்கேயோ ஒளிந்திருந்து எங்களைப் பதிவு செய்துவிட்டார் என்று தோன்றியது.

இடையில் ஒரு சின்ன விஷயம். படத்தில் இறால்கள் குப்பையைக் கிளறித் தின்பதைத் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள், பார்ப்பவருக்கு அருவருப்பு வரவேண்டும் என்பதற்காக. எங்கள் ஊரில் கோட்டையடி மான்கள் பஸ் நிலையம் வரை வந்து சோற்றுப் பார்சல் பொலித்தீனைக் கிளறித் தின்கின்றன. சுற்றுலா வருபவர்கள் ஆசையாகப் பக்கத்தில் நின்று படம் எடுக்கிறார்கள். கண் அழகாக இருந்தால் குப்பை கிளறினாலும் தப்பில்லை போல. படத்தின் உருவ வடிவமைப்பாளர்களும் இதை உணர்ந்திருக்கிறார்கள். உடம்பெல்லாம் ஓடும் கொடுக்குமாக வைத்துவிட்டு, கண்ணை மட்டும் பெரிதாக, ஈரமாக வைத்திருக்கிறார்கள்.

படத்தை இப்படித் தூக்கிவைத்துப் பேசுகிறேனே, அதில் ஓட்டை இல்லையா? இருக்கிறது, பெரிய ஓட்டைகள்.

முதலில் சின்னவை. படம் ஆவணப்படம் மாதிரித் தொடங்குகிறது. கையில் பிடித்த கமெரா, செய்திக் காட்சிகள், கண்காணிப்புக் கமெரா. பாதிக்கு மேல் யாரும் படம் பிடித்திருக்க முடியாத இடங்களிலும் கமெரா நிற்கிறது. இது யாருடைய கமெரா? படத்துக்கே அக்கறை இல்லை. அப்புறம் அந்தக் கறுப்புத் திரவம். விண்கலத்தின் பகுதியை இயக்க எரிபொருளாக, இருபது வருடமாகத் துளித்துளியாகச் சேர்த்தது அது. அதே திரவம் விக்கஸின் முகத்தில் பட்டவுடன் அவனை இறாலாக மாற்றவும் தொடங்குகிறது. பெற்றோல் தெறித்து ஒருவர் கார் ஆனார் என்பது போல இருக்கிறது. கதைக்கு இரண்டும் வேண்டும், அதனால் ஒரே போத்தலில் ஊற்றிவிட்டார்கள். இதையெல்லாம் மன்னிக்கலாம்.

கடைசி அரை மணி நேரம் முழுக்கத் துப்பாக்கி. கவச இயந்திரத்துக்குள் ஏறி விக்கஸ் சுட்டுத் தள்ளுகிறான், ஒரு கட்டத்தில் செத்த பன்றியைத் தூக்கி ஒருவன் மேல் எறிகிறான். மருமகன் அந்த இடத்தில்தான் கதிரை நுனிக்கு வந்தான். கம்பனி ஆட்கள் ஏன் வந்தார்கள், அந்தத் தாளில் என்ன இருந்தது, 18 லட்சம் பேரின் கதி என்ன என்பதெல்லாம் புகைக்குள் மறைந்துவிடுகிறது. முன்பாதியில் ஒரு கையொப்பம் எவ்வளவு பெரிய ஆயுதம் என்று காட்டிய படம், பின்பாதியில் உண்மையான ஆயுதத்தைக் கண்டதும் அதை மறந்துவிடுகிறது.

நைஜீரியர்கள் விவகாரம் அதைவிடப் பாரதூரமானது. சேரிக்குள் ஒரு நைஜீரியக் கும்பல். ஆயுதம் கடத்துகிறார்கள், பூனைக்கு விற்கும் ரின் உணவை இறால்களுக்குக் கொள்ளை விலைக்கு விற்கிறார்கள், சக்தி கிடைக்கும் என்று நம்பி இறால்களின் சதையைத் தின்கிறார்கள். தலைவனின் பெயர் நைஜீரியாவின் முன்னாள் ஜனாதிபதி ஒபசாஞ்சோவின் பெயரை அப்படியே ஒத்தது. அவர்களில் ஒரு நல்லவன், ஒரு சாதாரணன், வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருக்கும் ஒருவன்கூட இல்லை. 2009 செப்டெம்பரில் நைஜீரியாவின் தகவல் அமைச்சர் டோரா அக்குன்யிலி படத்தைத் திரையிடக்கூடாது என்று தியேட்டர்களைக் கேட்டுக்கொண்டார், தயாரிப்பு நிறுவனம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றும் சொன்னார். தடை எனக்கு உடன்பாடில்லை, கோபம் நியாயம். 'குடியேறி வந்தவனை மிருகமாகப் பார்க்காதே' என்று சொல்ல வந்த படம், உண்மையில் குடியேறி வந்த மனிதர்களையே மிருகமாகக் காட்டினால் அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

திருகோணமலையில் இருப்பவனுக்கு இது புதுசும் இல்லை. தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று மூன்று சனமும் கணிசமாக வாழும் மாவட்டம். மூவரிடமும் இடம்பெயர்ந்த கதை இருக்கிறது, மூன்றும் உண்மை. மூதூர் இடப்பெயர்வுக் கதையை ஒருவர் சொல்லும்போது, வலி சரியாக வரும், பிறகு ஒரு வரியில் பக்கத்து ஊர்க்காரன் அரக்கனாக வந்து நிற்பான். அவனுக்குப் பெயர் இருக்காது, முகம் இருக்காது, 'அவங்கள்' மட்டும்தான். புளொம்காம்ப் எங்கள் ஊரில் பிறந்திருந்தாலும் இந்தப் பிழையைத்தான் விட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. விண்கலம் வருவது 1982 இல். தென்னாபிரிக்காவில் கறுப்பர்களை அரசே ஊர் ஊராகக் கிளப்பிக்கொண்டிருந்த காலம் அது. 1994 இல்தான் எல்லோரும் வாக்களித்த தேர்தல். அப்படியானால் அந்த இடைப்பட்ட பன்னிரண்டு வருடம் இறால் முகாமுக்குப் பக்கத்து வீட்டில் இருந்த கறுப்பினத்தவருக்கு என்ன நடந்தது? படம் அதைப் பற்றி ஏறக்குறைய எதுவும் பேசுவதில்லை. உருவகம் வந்ததும் உருவகப்படுத்தப்பட்டவர் காணாமல் போய்விடுகிறார். படத்தில் காணும் கொட்டில்களில் பெரும்பாலானவை செற் அல்ல. சொவெற்றோவின் சியாவெலோ பகுதியில் உண்மையான ஏழைகள் வாழ்ந்த குடிசைகள். அந்தச் சனத்தை அரசு வீடுகளுக்கு மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அங்கே போய்ப் படம் எடுத்தார்கள். அந்தத் தகரங்களில் ஒட்டியிருக்கும் புகைக்கறை யாரோ ஒருவர் சமைத்த புகை. அவர் படத்தில் இல்லை.

இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. பெரியம்மா கேட்ட ஒரு கேள்விதான்.

படம் முக்கால்வாசி ஓடியிருக்கும். இறால் உரித்து முடிந்து, தலைகள் தனியாக ஒரு கோப்பையில். கையைக் கழுவப் போகாமல் பார்த்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று கேட்டார்:

"இவையளுக்கு ஆர் சமைக்கிறது?"

"ரின் சாப்பாடு பெரியம்மா. பூனைச் சாப்பாடு."

"இருவது வருசமோ?" கொஞ்சம் யோசித்தார். "அப்ப கலியாணம் காத்து? ஆரும் செத்தா என்ன செய்யிறவை? ஒரு கடை கண்ணி இல்லையோ? சண்டை சச்சரவு வந்தா ஆர் பேசித் தீர்க்கிறது?"

பெரியம்மா சம்பூரில் பிறந்து வளர்ந்தவர். கட்டைபறிச்சானில் முகாம், ஒன்பது வருடம். அந்த ஒன்பது வருடத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும், போய்வந்திருக்கிறேன். வந்து இறங்கிய முதல் மாதத்திலேயே யாரோ ஒரு முருங்கைத் தடியை ஊன்றிவிட்டார். இரண்டாம் மாதம் ஒரு கொட்டிலுக்கு முன்னால் பலகை போட்டு வெற்றிலை, பீடி, சவர்க்காரத் துண்டு விற்கும் கடை. வேம்புக்குக் கீழே ஒரு கல் பிள்ளையாரானது. பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்க ஒரு அக்கா வந்தார். குழாயடிச் சண்டை வந்தது, அதைத் தீர்க்க ஒரு பெரியவர் வந்தார், அவர் பக்கச்சார்பு என்று இன்னொரு சண்டை வந்தது. சாமத்தியச் சடங்கு நடந்தது; தறப்பாளுக்கு மேல் சேலை கட்டி மறைத்து, வாடகைக்கு எடுத்த வீடியோக் கமெராவில் பதிவும் செய்தார்கள். மனிதரை எங்கே கொண்டுபோய்க் கொட்டினாலும் அங்கே ஒரு ஊர் முளைத்துவிடும். அது நல்ல ஊரா கெட்ட ஊரா என்பது வேறு.

படத்தில் இறால்களுக்கு ஊரே இல்லை. இருபது வருடத்துக்கு மேல் ஒரே இடத்தில் 18 லட்சம் பேர் இருந்தும், ஒரு சடங்கு இல்லை, ஒரு பாட்டு இல்லை, ஒரு அயலவர் இன்னொரு அயலவரின் பிள்ளையைத் தூக்கிவைத்திருக்கும் காட்சி இல்லை. தலைமை இழந்த வேலைக்காரக் கூட்டம், தானாக யோசிக்கத் தெரியாதவை என்று படத்தில் வரும் நிபுணர் ஒருவர் விளக்கம் சொல்கிறார். நிபுணர் சொல்வதைப் படம் கிண்டல் செய்யப் போகிறது என்று நான் காத்திருந்தேன். இல்லை. கிறிஸ்தோபர் ஜோன்சன் என்று மனிதர்கள் பெயர் வைத்த ஒரு இறாலும், அதன் குட்டியும், ஒரு நண்பனும்தான் விதிவிலக்கு. மற்ற எல்லோரும் நிபுணர் சொன்ன மாதிரியே இருக்கிறார்கள்: குப்பை, ரின், ஆயுதம், அடிதடி. விக்கஸின் கிளிப் போர்ட்டுக்கு மேலே நின்று பார்த்தால் தெரிவது அவ்வளவுதான். படமும் அந்த இடத்தை விட்டு இறங்கவில்லை. படிவம் பிடித்தவனை அணு அணுவாகத் தெரிந்து வைத்திருக்கும் படத்துக்கு, படிவத்துக்கு அந்தப் பக்கம் வாளியைக் கவிழ்த்துக் கதிரை போட்டுக் கொடுத்தவரைத் தெரியவில்லை.

ஆனாலும் கிறிஸ்தோபர். நோட்டீஸை வாங்கி வாசித்துப் பார்த்து, 'இது சட்டப்படி சரியில்லை' என்று சொல்லும் ஒரே ஆள். வாசிக்கத் தெரிந்தவனைக் கண்டதும் விக்கஸின் சிரிப்பு போய்விடுகிறது. உடனே பிள்ளை பராமரிப்புச் சட்டத்தைப் பிடித்து, குட்டியைப் பறித்துவிடுவேன் என்று மிரட்டுகிறான். அதிகாரம் எப்படி ஒரு தாளிலிருந்து இன்னொரு தாளுக்குத் தாவும் என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டிய படத்தை நான் பார்க்கவில்லை. பிறகு கம்பனியின் ஆய்வுகூடத்துக்குள் இருவரும் நுழையும் காட்சி. தன் இனத்தவரை அறுத்துப் பரிசோதித்த உடலைக் கண்டு கிறிஸ்தோபர் அப்படியே நின்றுவிடுகிறது. சுற்றிவர வெடி, விக்கஸ் 'வா, வா' என்று கத்துகிறான். அது அசையவில்லை. கணினியில் வரைந்த ஒரு உருவம் ஒன்றும் செய்யாமல் நிற்பதுதான் அந்தப் படத்தின் ஆகச்சிறந்த நடிப்பு.

விக்கஸ் இறாலாக மாறுவதைப் பற்றி விமர்சகர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள், மற்றவரின் வலி தனக்கு வந்தால்தான் மனிதன் திருந்துவான் என்று. எனக்கு அது முழுக்கச் சரியாகப் படவில்லை. அவன் திருந்த அவசரப்படுவதே இல்லை. கை கொடுக்கு ஆன பிறகும் இறால்களைப் பார்த்து அதே வசையைத்தான் பேசுகிறான். புது முகாமின் கூடாரங்கள் இந்தக் கொட்டிலைவிடச் சின்னவை, அது ஒரு வதைமுகாம் மாதிரி என்று அவன் வாயாலேயே ஒப்புக்கொள்வது, மறைக்க இனி ஒன்றும் இல்லாதபோதுதான். தன்னைக் குணப்படுத்த மூன்று வருடம் ஆகும் என்று தெரிந்தவுடன் கிறிஸ்தோபரையே அடித்து விழுத்திவிட்டுத் தப்பப் பார்க்கிறான். இந்த இடத்தில் படம் நேர்மையாக இருக்கிறது. எனக்கும் அந்த ஆச்சியிடம் பொய் சொன்ன அன்று இரவு நித்திரை நன்றாகத்தான் வந்தது. அடுத்த நாளும் இருபத்தைந்து முடித்தேன்.

படம் வந்த 2009 ஆகஸ்டில் வவுனியா மனிக் பாம் முகாம்களில், போரில் இடம்பெயர்ந்த 2 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் முட்கம்பிக்குள் இருந்தார்கள். படத்தை எடுத்தவர்களுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் அடுத்த சில மாதங்களில் படத்தைப் பார்த்த எங்களால் கூடார வரிசையை வேறெப்படியும் பார்க்க முடியவில்லை.

கடைசிக் காட்சி. விண்கலம் போய்விட்டது. கிறிஸ்தோபர் மூன்று வருடத்தில் வருகிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறது. விக்கஸின் மனைவி, வாசலில் யாரோ வைத்துப்போன ஒரு பூவைப் பற்றிச் சொல்கிறாள். குப்பைத் தகரத்தில் செய்த பூ. அடுத்து, குப்பை மேட்டில் ஒரு இறால் குந்தியிருந்து தகரத்தை வளைத்துக்கொண்டிருக்கிறது. அத்தனை வெடிச்சத்தத்துக்குப் பிறகு, ஒரு இறால் கையால் ஒன்றைச் செய்வதைப் படம் நிதானமாகக் காட்டுவது அப்போதுதான். அந்த இறாலும் விக்கஸ்தான். இறாலாகப் பிறந்த எவருக்கும் படம் அந்த ஒரு நிமிடத்தைக் கொடுக்கவில்லை.

"வருவானோ அவன், மூண்டு வருசத்தில?" என்று மருமகன் கேட்டான். இன்னும் வரவில்லை, இரண்டாம் பாகத்தைச் சொல்கிறேன்.

பெரியம்மா பதில் சொல்லவில்லை. அவர்களுக்கு ஊர் திரும்ப 2015 ஆனது, கடற்படை முகாம் இருந்த பக்கம் 2016. வளவின் எல்லையைக் கிணற்றுக் கட்டை வைத்துத்தான் அடையாளம் பிடித்தார்கள்.

அன்றைக்குத்தான் முதல்முறையாக அவரிடம் அந்த ஆச்சியைப் பற்றிச் சொன்னேன், வாசிக்காத எட்டாம் பக்கத்தைப் பற்றியும், தறப்பாளில் பார்த்த நீலக் கோடுகளைப் பற்றியும். திட்டுவார் என்று நினைத்தேன்.

"எங்கட கொட்டிலிலயும் கிடந்தது. கொப்பெரியப்பா தன்ர பக்கம், நான் என்ர பக்கம் துடைக்கிறது." கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினார். "அந்தப் படிவமெல்லாம் இப்ப எங்க கிடக்கும்?"

"தெரியாது பெரியம்மா."

"ம்." கோப்பையை என் கையில் தந்தார். "தலையளைப் பூனைக்கு வை. பின்னுக்கு வை, இஞ்ச வைச்சா எறும்பு வரும்."